லான்சர் காரும் வாளிப் பாலும்

யோகராஜுக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளைக்கூட இறக்கத்தில் விட்டால் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் போய்த்தான் நிறுத்துவான். அப்படிப்பட்டவனின் லயத்துக் காம்பராவில், ஒரே ஓர் அறையில், ஒன்பது கார்கள் நிற்கின்றன. தெரணியகலைக்கு மேலே, இறப்பர் தோட்டத்தின் மூன்றாம் டிவிஷனில், தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்துக் காம்பரா. யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். "கார் தொரை வீடா? அந்தா" என்பார்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். அவன் அதற்காக ஒரு நாளும் தலையைக் குனிந்ததில்லை.

ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். பிளாஸ்டிக் கார்கள். பெட்டியில் வரும்போது அவை காராக வருவதில்லை. கதவு, டயர், சீட், ஸ்டியரிங் எல்லாம் தனித்தனியாக, ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டு, மீன்முள் மாதிரி வெள்ளையாக வரும். வெட்டியெடுத்து, தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடித்துக் காராக்குவது வாங்கியவன் பாடு.

இந்தக் கிறுக்கு அவனைப் பிடித்ததே ஒரு பிழையால்தான். எட்டு வருடத்துக்கு முன்னால், தெரணியகலை டவுனில் ஜாபிரின் போன் கடைக்கு ரீலோட் போடப் போனான். ஜாபிர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு பெட்டி.

"பாருங்க மச்சான். ஒரு மாத்தயா ஓடர் பண்ணின கார். நூறு துண்டா ஒடஞ்சி வந்தீக்கி. மூஞ்சியில வீசாத கொறதான், வெச்சிட்டுப் போய்ட்டாரு."

யோகராஜ் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஒடையல ஜாபிர். ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் போட்டிருக்கு."

"அப்ப நம்பர் போட்டு ஒடச்சீக்கி. நீங்களே கொண்டு போங்க, எனக்கு இத காணவே ஏலா."

கொண்டுபோனான். கூடவே வந்த தாளில் எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. படம் இருந்தது, அது போதும். நகவெட்டியால் வெட்டினான், தச்சுப் பட்டறைக் கண்ணாடித் தாளால் தேய்த்தான், ஒன்பதாம் நாள் கார் நின்றது. அன்றைக்கு யோகராஜ் அதைப் பார்த்துக்கொண்டு இருந்த இருப்பைப் பார்த்து, அவன் மனைவி கோகிலா, இந்த ஆள் இனி இப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் அவன். பதினைந்து வயதில் இறப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியைக் கையில் எடுத்தான். முப்பது வருடமாக அதே கத்திதான். பால் வெட்டுவது லேசு என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து வெட்டிப் பார்க்கட்டும். பட்டையை ஒரு ரூபாய்க் காசுக் குத்தியின் கனத்துக்குச் சீவ வேண்டும். கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் வராது. விடியலில் முந்நூறு மரம் இப்படி வெட்டுகிறவனுக்கு ஒரு சாண் காரின் கதவு இடுக்கில் கறுப்புக் கோடு இழுப்பது என்ன பெரிய வேலை? கை ஏற்கெனவே படித்திருந்தது. சாமான்தான் புதிது.

சாமானையும் அவன் கண்டுபிடித்துக்கொண்டான். பனடோல் மாத்திரைக் கார்டின் வெள்ளித் தாள் ஹெட்லைட்டுக்குள் போனது. பழுதாய்ப்போன சார்ஜரின் செம்புக் கம்பி எஞ்சினுக்குள் போனது. ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகள் ஷாமிளா லீவில் வரும்போது கொண்டுவந்த ரிப்பன் துண்டு சீட் பெல்ட் ஆனது. கோகிலாவின் தேத்தண்ணி வடி இரண்டு போயின. ஏனென்றால் யோகராஜ் செய்வதெல்லாம் ரேஸ் கார்கள், அதுவும் மலையிலும் சேற்றிலும் ஓடுகிற ரேலி கார்கள். அவற்றின் மட்கார்டில் புழுதி இருக்க வேண்டும். மூன்றாம் டிவிஷன் ரோட்டின் செம்மண்ணை வடியில் சலித்துத்தான் பூசுவான்.

"ஊர்ல எல்லாரும் கார கழுவுறாங்க. இவரு மண்ணு பூசுறாரு. அதுவும் என்னோட வடியில" என்பாள் கோகிலா.

"ஜாபிர் போன்ல காட்டினான் புள்ள. அந்தக் கார் ஓடுற ரோட்டு நம்ம ரோட்டவிட மோசம். நம்ம ரோட்டுல ஓட வேண்டிய கார் அது."

பக்கத்துக் காம்பரா இராமசாமி ஒரு நாள் வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டான்: "ஏன்டா யோகராஜ், பேரப்புள்ள எடுக்குற வயசுல ஒனக்கு என்னடா வெளாட்டுச் சாமான்?"

"நீ நேத்து சாயங்காலம் குடிச்சியே, அத எடுத்துக் காட்டு பாப்போம். நான் நேத்து செஞ்சத காட்டுறேன்."

இராமசாமி வாளியைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போய்விட்டான்.

இனி அந்த லான்சர். அது ஒன்பதாவது கார். ஏழு மாத வேலை. சிவப்பு உடம்பு. முன் பம்பரில் தொடங்கி, பொனட்டின் நடுவால் போய், கூரையில் ஏறி, பின்பக்கம் வரைக்கும் வளைந்து வளைந்து போகும் வெள்ளைக் கோடு. ஜாபிர் இரத்தினபுரியில் நடக்கப்போகிற ஒரு மாதிரிக் கார் கண்காட்சிக்கு யோகராஜின் பெயரைக் கேட்காமலே கொடுத்துவிட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை. பெரிய பெரிய ஆட்கள் வருவார்கள், கொழும்பிலிருந்தும் வருவார்கள் என்று சொன்னான்.

இரண்டு நிறம் ஒரு காரில் வந்தால் ஒரு தலையிடி உண்டு. ஒரு நிறத்தை மூடிவிட்டுத்தான் மற்றதை அடிக்க வேண்டும். எல்லாரும் டேப் ஒட்டுவார்கள். டேப் நேர்கோட்டுக்குச் சரி, வளைவில் சுருங்கும், இடுக்கால் பெயிண்ட் ஒழுகும். யோகராஜ் டேப்பை இரண்டாவது காரோடு வீசினான். அவனிடம் பால் இருந்தது. இறப்பர் பாலைத் தூரிகையால் பூசினால் எந்த வளைவிலும் படியும். அரை மணித்தியாலத்தில் தோலாகும். மேலே பெயிண்ட் அடித்துவிட்டு நுனியைக் கிள்ளி இழுத்தால் பாம்புச் சட்டை மாதிரி முழுசாகக் கழன்று வரும். கோடு கத்தியால் வெட்டிய மாதிரி நிற்கும். இந்த வித்தையை எவனும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. முப்பது வருடமாகக் கையில் பட்டுக் காய்ந்த பாலைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தவனுக்கு எவன் சொல்லித்தர வேண்டும்?

ஆனால் ஒரு முறை அடிபட்டான். பால் கட்டிப்போகாமல் இருக்கப் பீப்பாயில் எப்போதும் அமோனியா இருக்கும்; மழை இருட்டிக்கொண்டு வரும் நாளில் வாளிப் பாலுக்கும் நாலு துளி விடுவார்கள். அப்படி விட்ட பாலை நான்காவது காரில் பூசிவிட்டான். இழுத்தபோது தோலோடு பெயிண்டும் சேர்ந்து வந்தது. ஜாபிர் எடுத்துத் தருகிற சின்னப் போத்தல் பெயிண்ட் தண்ணீரில் கரைகிற சாதி. அமோனியா பட்டால் அது உரிந்துவிடும். கார் செய்கிறவன் எவனும் செய்யாத பிழை, பால் வெட்டுகிறவன் மட்டும் செய்யக்கூடிய பிழை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு அமோனியா படாத பாலை மட்டும்தான் எடுப்பான்.

அதையும் எங்கே எடுப்பான்? பால் கொட்டிலில் வாளியை அளந்து பீப்பாயில் ஊற்றிய பிறகு, வாளியின் உள்பக்கத்தில் மெல்லிசாகப் பால் ஒட்டியிருக்கும். மற்றவர்கள் தண்ணீர் விட்டு அலசிக் கானுக்குள் ஊற்றுவார்கள். கொட்டிலுக்குக் கீழே உள்ள கான் எப்போதும் வெள்ளையாகத்தான் ஓடும். யோகராஜ் அலசுவதற்கு முன்னால் தூரிகையால் வழித்து, ஒரு இருமல் மருந்துப் போத்தலில் விட்டுக்கொள்வான். இரண்டு தேக்கரண்டி வரும். பொழுது சாய்வதற்குள் பூசாவிட்டால் கட்டிப்போய்விடும். அதனால் பகல் பன்னிரண்டு மணிக்கு அவன் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போவதை டிவிஷனே பார்த்திருக்கிறது.

லான்சர் வேலை முடியும் தறுவாயில், கொட்டிலில் அளந்த பாலுக்கும் ஃபேக்டரியில் அளந்த பாலுக்கும் ஒத்துவரவில்லை. இரண்டு கிழமையாகப் பீப்பாய் குறைந்துகொண்டே போனது. யார் எடுத்தார்கள் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. ஆனால் ஃபீல்ட் ஆபிசர் சுதாகரனுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. சுதாகரன் இதே தோட்டத்து இரண்டாம் டிவிஷனில் பிறந்தவன், முப்பது வயது, படித்து உத்தியோகத்துக்கு வந்தவன். தோட்ட மனேஜரான பெரிய தொரை தினமும் அவனைத்தான் பிடித்து உலுக்கினார்.

கண்காட்சிக்கு ஐந்து நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை பகல், மோட்டார் சைக்கிள் யோகராஜின் முன்னால் வந்து குறுக்கே நின்றது.

"பையில என்ன?"

"பால்ங்க ஐயா."

"என்ன பால்?"

"நம்ம மரத்துப் பால்தான். வாளியில ஒட்டினது."

சுதாகரன் போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். முகம் சிவந்தது. "ரெண்டு கெழமையா நான் தொரைகிட்ட ஏச்சு வாங்குறேன். நீ பீப்பாயில அள்ளிட்டு சோக்கா நடந்து போற!"

"பீப்பாய்ல அள்றவன் இருமல் மருந்துப் போத்தல்லயா அள்ளுவான்?"

கூட வந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் காரியத்தைக் கெடுத்தது. சுதாகரன் போத்தலை அப்படியே கொட்டிலுக்குக் கொண்டுபோய்ப் பீப்பாயில் ஊற்றிவிட்டான். அத்தோடு, அது அமோனியா படாத பால் என்று காட்ட இருந்த ஒரே சாட்சியும் போனது. நாளைக்கு வேலை இல்லை, ஆபிசுக்கு வா என்று சொல்லிவிட்டுப் போனான்.

புதன்கிழமை ஆபிசில் பெரிய கிளாக்கர் தருமலிங்கம் கடிதத்தைத் தயாராக வைத்திருந்தார். வடக்கிலிருந்து வந்து இருபது வருடம் இந்தத் தோட்டத்தில் இருக்கிற மனுஷன், கெட்டவர் இல்லை. ஆனால் எந்த வில்லங்கத்தையும் ஒரு தாளில் முடித்துவிடலாம் என்று நம்புகிறவர்.

"இஞ்ச பார் யோகராஜ், ஒரு கையெழுத்துத்தானே. போட்டிட்டு நாளைக்கு வேலைக்குப் போ. தொரையும் இதோட விட்டிடுறன் எண்டு சொல்லிப்போட்டார்."

யோகராஜ் தாளை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தான். அவசரப்படவில்லை. தருமலிங்கம் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். தோட்டத்துக்குச் சொந்தமான பாலைப் பீப்பாயிலிருந்து களவாக எடுத்துச் சென்றதை ஒப்புக்கொள்கிறேன், இனிமேல் அவ்வாறு செய்யமாட்டேன், மன்னித்துக்கொள்ளவும். அவ்வளவுதான். நாலு வரி.

"இந்த 'களவாக'ங்கிறது யாரு எழுதினது?"

"எல்லாம் ஒரு வழமையான எழுத்துத்தான். அதைப் போய்ப் பெரிசா எடுக்காத."

"நீங்க போடுவீங்களா ஐயா, இதுல கையெழுத்து?"

தருமலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் ஏன் போட வேணும்? நான் பால் எடுக்கேல்லயே."

"பீப்பாய்ல நானும்தான் எடுக்கல."

தாளை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டான்.

வீட்டில் கோகிலா காத்துக்கொண்டிருந்தாள். அவளும் பால் வெட்டுகிறவள்தான், அவனுக்கு அடுத்த நிரை. திட்டுவாள் என்றுதான் அவன் நினைத்தான். ஒன்பது காரையும் பீலிக்குள் வீசுவாள் என்றுகூட நினைத்தான்.

"போட்டீங்களா?"

"போடல."

"போட்டிருந்தா இந்தப் பக்கம் வந்திருக்கக் கூடாது. களவானி பொண்டாட்டின்னு நான் நிரையில நிக்க மாட்டேன்." அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தாள். "அந்த எளவு கார என்னென்னமோ சொல்லியிருக்கேன். அது வேற. அது நான் சொல்றது. அவனுங்க சொல்லக்கூடாது."

அன்று பகல் முழுக்க யோகராஜ் லான்சரை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செவ்வாய்க்கிழமைப் பால் வேண்டியிருந்த ஒரு சின்ன ஓரத்தையும் வெறுங்கையால் இழுத்து முடித்திருந்தான். கடைசி வெள்ளைக் கோட்டுக்கு மேல் பூசிய பளபளப்பும் காய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அதைத் தொட வேண்டிய தேவை எதுவும் இல்லை. அவனிடம் வேறு சாட்சியும் எதுவும் இல்லை.

வியாழக்கிழமை காலையில் ஜாபிருக்குப் போன் எடுத்து, காரை வைத்துச் செய்யப்போவதைச் சொன்னான். மறுபக்கத்தில் ஜாபிர் கத்தினான்: "பைத்தியமா மச்சான்? ஏழு மாசம்! ஒரு கையெழுத்துத்தானே, போட்டுட்டு ஞாயித்துக்கெழம வாங்க. கார் முன்னுக்கு வரும், நான் செல்றேன், இது மாதிரி யாரும் காட்டல்ல இன்னும்!"

"கார் முன்னுக்கு வரும். நான் பின்னுக்குப் போவேன். வெய்யி போன."

பத்தரை மணிக்குப் பால் கொட்டிலில் எல்லா வாளியும் வந்து நிரையாக நின்றன. யோகராஜ் வாளி இல்லாமல் வந்தான். கையில் சப்பாத்துப் பெட்டி. நேரே பெரிய தொரை நின்ற இடத்துக்குப் போனான். அன்று தொரை பீப்பாய் அளக்க வருவார் என்று அவனுக்குத் தெரியும்.

"தொரை, ஒரு மணித்தியாலம் எனக்குத் தாங்க. அதுக்குப் பொறகு நான் களவுன்னா பொலிசுக்கே குடுங்க."

பெட்டியைத் திறந்து லான்சரை எடுத்துத் தராசு மேசையில் வைத்தான். தொரை குனிந்து பார்த்தார். உள்ளே சீட், சீட்டில் பெல்ட், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மீட்டர். மட்கார்டில் மூன்றாம் டிவிஷன் செம்மண்.

"லஸ்ஸனய்" என்றார் தொரை, தன்னை அறியாமல். அழகாக இருக்கிறது என்று. பிறகு தமிழுக்கு வந்தார். "இதுக்குத்தானா பால் எடுத்தது?"

"ஆமாங்க தொரை. எடுத்தேன். வாளியில ஒட்டினத எடுத்தேன். பீப்பாய்ல எடுத்தேன்னு எழுதியிருக்காங்க. பீப்பாய்க்கு அமோனியா விட்டிருக்கு. அமோனியா விட்ட பாலு எனக்கு எதுக்கும் ஆவாது. இந்தப் பெயிண்ட அது தின்னுடும்."

"அதுக்கு என்ன சாட்சி?" என்றான் சுதாகரன்.

"அந்தா நிக்குது சாட்சி." யோகராஜ் தூரிகையை எடுத்து அவன் பக்கம் நீட்டினான். "பீப்பாய்ல தொட்டு, இந்தப் பொனட்டுல எடது பக்கம் நீங்களே பூசுங்க ஐயா. நான் பூசினா ஏதோ தில்லுமுல்லு பண்ணினேன்னு சொல்வீங்க. வலது பக்கத்துக்கு என் பொண்டாட்டி வாளி. அளந்து ஊத்தின பொறகு மிஞ்சினது. வாளிக்கு இன்னைக்கு அமோனியா விடல, வானம் தெளிவா இருக்கு."

சுதாகரன் தூரிகையை வாங்கினான். பீப்பாயில் தொட்டான். காருக்குக் கிட்டக் கொண்டுவந்து நிறுத்தினான். அந்தச் சிவப்பு அவன் முகத்தை அப்படியே காட்டியது.

"நீ சொல்றது உண்மையா இருந்தா இது பழுதாப் போயிடுமே" என்றான் மெதுவாக.

"போவும். பூசுங்க."

"யோகராஜ் அண்ணே..."

"செவ்வாக்கெழம நான் அண்ணன் இல்ல. இப்பவும் வேணாம். பூசுங்க ஐயா."

பூசினான். வலது பக்கத்துக்குக் கோகிலா தன் வாளியை அளந்து ஊற்றிவிட்டுக் கொண்டுவந்தாள். சுதாகரன் பழக்கத்தில் வாளிக்குள் எட்டிப் பார்த்து "காலி" என்று சொல்லிக் கொப்பியில் எழுதினான். யோகராஜ் சொல்லி, சுதாகரனே அந்தக் காலி வாளியை வழித்து வலது பக்கமும் பூசினான்.

காய வேண்டும். யாரும் கலையவில்லை. தருமலிங்கம் ஆபிசிலிருந்து இறங்கி வந்தார், கையில் அதே தாள். எப்படியும் இது ஒரு கையெழுத்தில் முடியும் என்ற நம்பிக்கை அவருக்கு விடவில்லை.

"ஏனப்பா இந்தக் கூத்து? வடிவான கார். நான் உன்ர நல்லதுக்குத்தான் சொல்லுறன்."

"என் நல்லதுக்குத் தாள மடிச்சு வெய்யுங்க ஐயா. காத்துல பறக்குது."

இராமசாமி பின்னாலிருந்து குரல் கொடுத்தான்: "டேய், அந்தக் கார் பழுதாச்சுன்னா நான் அழுதுருவேன்டா!" எல்லாரும் சிரித்தார்கள். யோகராஜ் சிரிக்கவில்லை. அவன் காரைப் பார்க்கவுமில்லை. கானில் வெள்ளையாக ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒரு மணித்தியாலம் ஆனது. முதலில் வலது பக்கம். நகத்தால் நுனியைக் கிள்ளி இழுத்தான். தோல் சுத்தமாக வந்தது. அடியில் சிவப்பு பளிச்சென்று நின்றது. பிறகு இடது பக்கம். இழுத்தான். தோலின் அடியில் சிவப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. சிவப்புக்குக் கீழே அடித்திருந்த சாம்பல் நிறமும் வந்தது. பொனட்டில் ஒரு பெரிய ரூபாய்க் குத்தி அளவுக்கு வெறும் பிளாஸ்டிக் வெள்ளையாகத் தெரிந்தது. வெள்ளைக் கோட்டின் ஓரமும் கிழிந்துவிட்டது.

உரிந்த தோலை அவன் தொரையின் கையில் வைத்தான்.

"எட்டு வருசத்துல ஒன்பது கார். ஒரு தடவ இந்தப் பாலு பட்டுச்சு, அந்தக் காரும் இன்னும் என் வீட்டுல இருக்கு, வந்து பாக்கலாம். பீப்பாய்ப் பால நான் கனவுலயும் தொட மாட்டேன் தொரை."

தொரை தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுதாகரன் கடைசியாக ஒன்றைப் பிடித்தான்: "வாளியில ஒட்டினதும் தோட்டத்துப் பால்தானே?"

"இப்ப காலின்னு எழுதினது யாரு?" கோகிலா வாளியை அவன் முன்னால் கவிழ்த்துப் பிடித்தாள். "நீங்கதானே எழுதினீங்க? தெனமும் கழுவிக் கானுக்குள்ள ஊத்துறோமே, அப்ப கானையும் புடிச்சு ஆபிசுக்குக் கொண்டு போங்க!"

நிரை முழுக்க ஒரே இரைச்சல். தொரை கையை உயர்த்தினார். "ஹரி, ஹரி" என்றார், சிங்களத்தில் சரி, சரி என்று. "முடிஞ்சது. யோகராஜ், நீ நாளைக்கு வேலைக்கு வா. அந்த லெட்டர் வேணாம். சரிதானே?"

எல்லாரும் முடிந்துவிட்டது என்றே நினைத்தார்கள்.

"சரியில்லீங்க தொரை."

"என்னா?"

"எனக்கு எழுதிக் குடுத்தீங்க, நான் களவுன்னு. இப்ப இல்லேன்னு எழுதிக் குடுங்க. அளந்த பொறகு வாளியில ஒட்டினது வெட்டினவனுக்குன்னும் எழுதுங்க. எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும். அது கைக்கு வந்தாத்தான் நான் கத்தி எடுப்பேன்."

தொரை ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை யோகராஜ் வேலைக்கு வரவில்லை. வந்தான், ஆனால் வாளி இல்லாமல் வந்து, கொட்டில் படிக்கட்டில் உட்கார்ந்தான். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவனைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. யாரையும் அவன் கூப்பிடவில்லை. பகலில் கோகிலா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பிறகு இராமசாமியும் வந்து உட்கார்ந்தான், கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு. சனிக்கிழமை படிக்கட்டில் இடம் போதவில்லை. அன்று பதினொரு மணிக்குத் தருமலிங்கம் ஒரு தாளோடு இறங்கி வந்தார்.

யோகராஜ் வாங்கி, எழுத்துக்கூட்டி வாசித்தான். அளந்து முடிந்த வாளியில் எஞ்சியிருக்கும் பாலைத் தொழிலாளர் எடுத்துக்கொள்வதற்கு நிர்வாகத்துக்கு ஆட்சேபணை இல்லை. தொரையின் கையெழுத்து, சீல் எல்லாம் இருந்தது. திருப்பி நீட்டினான்.

"நான் களவு இல்லங்கிறது எங்க?"

தருமலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. "ஒரு வரி எழுதத் தெரியாத ஆள், எனக்குத் திருத்தம் சொல்லுறாய்!"

"எழுதத் தெரியாதுங்க ஐயா. வாசிக்கத் தெரியும்."

தருமலிங்கம் தாளை வாங்கிக்கொண்டார். பிறகு திரும்பி மேலே ஏறினார். அரை மணித்தியாலத்தில் இறங்கி வந்தபோது தாளில் ஒரு வரி கூடியிருந்தது. யோகராஜ் பால் களவெடுத்ததாகக் கூறப்பட்டது பிழை. தாளைக் கொடுக்கும்போது அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்த வரியை நான் சொல்லித்தான் அவர் போட்டவர். அதையும் ஞாபகம் வைச்சிரு."

"வெச்சிருக்கேன் ஐயா" என்றான் யோகராஜ். அது பெரிய நன்றி, அவனிடமிருந்து.

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை பஸ்ஸில் ஜாபிரோடு இரத்தினபுரிக்குப் போனான். வழி முழுக்க ஜாபிர் புலம்பினான். பையில் சிவப்புப் போத்தலும் தூரிகையும் கொண்டுவந்திருந்தான்.

"ஒரு சின்ன எடம் மச்சான். இங்க பஸ்ஸிலயே அடிச்சா போதும். யாருக்கும் தெரியவே தெரியா."

"எனக்குத் தெரியுமே."

"இப்பிடி வெச்சா ஒண்ணும் கெடைக்காது, செல்லிட்டேன்."

ஒன்றும் கிடைக்கவில்லை. பொனட் உரிந்த காரைப் பார்த்தவர்கள், கொண்டுவரும் வழியில் அடிபட்டதாக நினைத்து இரக்கப்பட்டார்கள். ஒருவர் தொப்பி போட்டுக்கொண்டு வந்து, திருத்திவிட்டு அடுத்த வருடம் கொண்டு வாருங்கள் என்று சிங்களத்தில் ஆறுதல் சொன்னார். யோகராஜ் நல்ல சிங்களத்திலேயே பதில் சொன்னான், இது அடிபட்டதில்லை, நானே செய்தது, திருத்த மாட்டேன் என்று. அவர் குனிந்து, சீட் பெல்ட்டையும் வளைவுக் கோட்டையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கோட்டை எதை வைத்து மூடினீர்கள் என்று கேட்டார்.

"வாளியில ஒட்டின பால்" என்றான். "அதுக்கு லெட்டர் வெச்சிருக்கேன்."

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு யோகராஜின் வாளி கொட்டிலுக்கு வந்தது. சுதாகரன் அளந்தான், பீப்பாயில் ஊற்றினான், வாளிக்குள் பார்த்தான். கொப்பியைப் புரட்டினான்.

"சொல்லுங்க ஐயா" என்றான் யோகராஜ்.

"காலி."

யோகராஜ் சட்டைப் பையிலிருந்து இருமல் மருந்துப் போத்தலையும் தூரிகையையும் எடுத்தான். அவசரமில்லாமல், மேலிருந்து கீழாக, சுற்றிச் சுற்றி வழித்தான். பின்னால் முப்பது பேர் நிரையில் நின்றார்கள். யாரும் சீக்கிரம் என்று சொல்லவில்லை. அவன் நகர்ந்ததும் அடுத்து வந்த கோகிலா வாளியில் விரலை விட்டு வழித்து, தன் செருப்பின் பிரிந்துபோன வாரில் தடவினாள். அதற்கடுத்து இராமசாமி. அவனுக்கு ஒட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இருந்தாலும் வழித்து, கையில் பூசி, சுதாகரனுக்குக் காட்டினான்.

"எங்களுக்கும் லெட்டர் இருக்குங்க ஐயா."